கடலில் ஊற்றிய பால்

எல்லாருக்கும் இலை போட்டாகிவிட்டது. என் இலையில் மட்டும் வெறும் சோறும் ரசமும்.

பக்கத்து இலையில் என் வீட்டுக்காரர் முழங்கை வரைக்கும் குழம்பு வழிய, நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். எதிர் இலையில் எங்கள் ஊர் முனியம்மா பெரியம்மா. அவளுக்குப் பாதிப் பல் கிடையாது. சங்கரா மீனை அப்படியே வாயில் வைத்து, முள்ளை மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இலை ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தென்னங்கீற்று. காலுக்குக் கீழே மணல். கொஞ்சம் தள்ளிக் கடல்.

"ஏங்க, ஒரே ஒரு துண்டு குடுங்க" என்றேன் மெதுவாக.

அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா திறந்துவிட்டாள். "குடுத்தின்னா பாத்துக்க. பச்சப் புள்ளக்காரி அவ. கடல் மீனு தின்னா புள்ளைக்கு மாந்தம் புடிச்சிக்கும்."

"புள்ள வூட்ல இருக்கான். நான் இங்க இருக்கேன். இங்க தின்னா அங்க எப்டி பெரியம்மா புடிக்கும்?"

"ராத்திரி போயி பால் குடுப்ப இல்ல? தின்னது எங்கடி போவும்?"

ரசத்தைக் குடித்தேன்.

வாராவாரம் நான் கதை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வரும் பேத்தி இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். "ஆயா, மீன் கெடைக்கலன்றதுதான் இந்த வாரக் கதையா?" என்கிறாள். இரு, அவசரப்படாதே. போன வாரம் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை எடுப்பதற்கே நாம் ரெண்டு பக்கம் எடுத்துக்கொண்டோம். இது கடல்.

அணைதான் கடல்

நான் பிறந்தது கல்வராயன் மலையடிவாரம். வாழ்க்கைப்பட்டது வடக்கனந்தல் பக்கம். மலைக்கும் வயலுக்கும் நடுவிலேயே என் காலம் போனது.

சின்னப் பெண்ணாக இருந்தபோது கோமுகி அணையில் முதல் முதலாகத் தண்ணீர் நிறைந்தது. எங்க அப்பா மாட்டு வண்டி கட்டி, எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. இதுதான் கடல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கல்யாணமாகிப் போன வீட்டில்கூட, "நான் கடலப் பாத்திருக்கேன்" என்று பீற்றிக்கொண்டேன். மாமியார் நம்பிவிட்டாள். அவளும் கடலைப் பார்த்ததில்லை.

கடல் மீன் என்றால் எங்களுக்குக் கருவாடுதான். ஏரியில் கெளுத்தி, கெண்டை, விரால் எல்லாம் உயிரோடு பார்ப்போம். கடல் மீன் மட்டும் சந்தைக்குச் சாக்கில்தான் வரும். வெள்ளிமலை ஆட்கள் தினையும் சாமையும் கொண்டுவந்து விற்றுவிட்டு, நெத்திலிக் கருவாட்டை முடிந்துகொண்டு ஜீப்பில் மலை ஏறுவார்கள். அவர்கள் போன பிறகும் ஜீப் நின்ற இடத்தில் வாசம் நிற்கும்.

அந்த நெத்திலி கடலுக்குள்ளேயும் அப்படித்தான் சுருண்டு, காய்ந்து, உப்புப் பூத்து நீந்தும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். கருவாட்டை மட்டுமே பார்த்தவளுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

பெருமாளோடு ஒரு லாரி

அப்போது எங்கள் பக்கத்தில் எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுக் கூட்டமும் ஊர்வலமும் மறியலுமாக இருந்த வருஷங்கள். எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. என் பெரியவன் ஏழு மாசக் குழந்தை. அதுதான் எனக்குக் கணக்கு.

இரண்டு வருஷமாக மழை சரியில்லை. புரட்டாசி மாசப் பிறப்புக்கு நம் ஊர்ப் பெருமாளைக் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தவாரி செய்தால் மழை வரும் என்று ஊரில் பேசி முடிவெடுத்தார்கள். கடலோரத்து ஊர்க்காரர்கள் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டே போய்விடுவார்கள். நமக்கு அது எவ்வளவு தூரம்? லாரி பிடித்தார்கள். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். விடியுமுன் கிளம்பி, முழுக்காட்டி, இருட்டியதும் வீடு வந்து சேர்வதாக ஏற்பாடு.

நான் வருகிறேன் என்று கேட்கவே இல்லை. கைப்பிள்ளைக்காரி எப்படிக் கேட்பது? லாரியில் தோரணம் கட்டுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் பின்னாலிருந்து என் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாள்.

"போயிட்டு வாயேண்டி" என்றாள்.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். என் மாமியார் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நான் தண்ணீர் மொண்டால் சத்தம் ஜாஸ்தி என்பாள். அடுப்பு ஊதினால் புகை ஜாஸ்தி என்பாள்.

"புள்ள?"

"ஒரு வயசு ஆவாத புள்ளையக் கடக்காத்துல காட்டக் கூடாது. இங்கியே கெடக்கட்டும். ஒரு பொழுதுதான? கேவுரு கஞ்சி காச்சிக் குடுத்துக்கறேன். மீனு கீனு தின்னாத. நெஞ்சு நனையக் குளிக்காத. பால் சளி கட்டிக்கும்."

பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்து, தூங்கவைத்துவிட்டு ஏறினேன். உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் திருநாவலூர் சிவன் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து முனியம்மா பெரியம்மா கும்பிட்டாள். லாரியில் இருக்கிற பெருமாளுக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். "அவரு தூங்கறாரு, வாய மூடு" என்றாள்.

முதல் பார்வை

கடலைப் பார்த்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, இது பேசுகிறதே என்பதுதான். அணை பேசாது. சும்மா கிடக்கும். இது பேசிக்கொண்டே இருந்தது.

ஈர மணலில் போய் நின்றேன். அலை வந்து காலைத் தொட்டுத் திரும்பும்போது, காலுக்குக் கீழே இருக்கிற மண்ணையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், பூமி மட்டும் நகர்ந்து போகிறது. தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சேலை நனைந்தது. எழுந்து மறுபடியும் நின்றேன், மறுபடியும் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தூரத்திலிருந்து, "ஏய் கனகு, ஆளுங்க பாக்கறாங்க" என்றார். பார்க்கட்டும்.

பெருமாளை நாலு பேர் தூக்கிப் பிடித்துக் கடலுக்குள் இறங்கினார்கள். அலை வந்து அடித்ததில் பூசாரி குப்புற விழுந்து, வேட்டியை ஒரு கையிலும் சாமி குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாமி மேல் பயபக்தி இருந்தாலும், சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தக் கீற்றுக் கொட்டகை. கடைக்காரி பெயர் அஞ்சலை. நல்ல உயரம். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகி, ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் விசிறி. அவள் வீட்டுக்காரர் பிடித்து வருவதை இவள் சமைப்பாள். கடலூரிலிருந்து கடற்கரை பார்க்க வருகிறவர்கள், லாரிக்காரர்கள், எல்லாரும் அங்கேதான் சாப்பாடு. கல்லில் வஞ்சிரம், சட்டியில் நண்டு, இன்னொரு சட்டியில் இறால் தொக்கு. எண்ணெய் பொரியும் சத்தமும் அலைச் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்.

என் இலையைப் பார்த்து, "இன்னா தங்கச்சி, சைவமா நீ?" என்றாள்.

"இல்லக்கா. கைப்புள்ளக்காரி."

"அதுக்கு?"

அதுக்கு என்றால்? அவள் அப்படிக் கேட்டதே எனக்குப் புரியவில்லை. பெரியம்மா முறைத்தாள். நான் மோருக்குப் போனேன்.

மரம் சாய்ந்த சேதி

வெயில் சாயும்போது கிளம்ப வேண்டும். டீ குடிக்கப் போன லாரி டிரைவர் வேகமாகத் திரும்பி வந்தார். வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு களை.

"ரோட்ட மறிச்சிட்டாங்க. நம்ம ஆளுங்கதான். இட ஒதுக்கீடு குடுக்கற வரைக்கும் வண்டி ஓடாதாம். வழி பூரா புளிய மரம் வெட்டிப் போட்டிருக்காங்களாம்."

"அப்ப நாம எப்பங்க வூட்டுக்குப் போறது?"

"எடுத்தாத்தான். இன்னிக்கி இல்ல."

"நாளைக்கா?"

"தெர்ல. ஏண்டி அழுவுற? நம்ம புள்ளைங்க படிப்புக்கு, வேலைக்குத்தான் இதெல்லாம் நடக்குது."

"படிக்கப் போற புள்ள அங்க பசியில கத்திக்கினு இருப்பான்."

அவர் முகத்தில் இருந்த களை போய்விட்டது. பாவம், அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. என் மார்பில் சேலை நனைந்திருந்ததை அவர் பார்த்தார். அது கடல் தண்ணீர் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

குப்பத்துக்காரர்கள் எங்களை ஒரு வார்த்தை பிரித்துப் பேசவில்லை. பெருமாளை அவர்களுடைய மாரியம்மன் கோயிலில் இறக்கி வைத்தார்கள். எங்களுக்கு வலைக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்கள். பூசாரி மட்டும், பெருமாள் மீன் வாடையில் எப்படித் தங்குவார் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அஞ்சலை சொன்னாள்: "சாமி கடல்லதான் படுத்திருக்கார்ன்றீங்க. மீனு இல்லாத கடலா அது?"

பூசாரி அதற்கப்புறம் அவளிடம் பேசவில்லை. ஆனால் அவள் வைத்த சோற்றைத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்.

உப்புத் தண்ணீர்

பால் கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும். மார்பு ரெண்டும் கல். அக்குள் வரைக்கும் வலி. எங்கேயாவது ஒரு குழந்தை அழுதால் போதும், தானாகக் கசியும். அந்தக் குப்பத்தில் எங்கேயோ ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் ஊற்ற மாட்டார்கள். வெறும் மண்ணில் ஊற்றி எறும்பு மொய்த்தால் மார்பு வற்றிவிடும் என்பார்கள். சூடான கல்லில் படக் கூடாது. செடி வேரில் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். என் வீட்டில் வாழை இருந்தது, வாய்க்கால் இருந்தது.

இங்கே எங்கு பார்த்தாலும் மணல். ஓடுகிற தண்ணீர் என்றால் எதிரே இருப்பதுதான். இவ்வளவு பெரிதாக ஓடுகிறதே என்று, கொட்டாங்குச்சியில் பீய்ச்சி, பொழுது மங்குகிற நேரத்தில் அலையில் விட்டேன். வெள்ளை நுரையில் அது எங்கே கலந்தது என்றே தெரியவில்லை. புள்ளைக்குப் போய்ச் சேரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் முனியம்மா பெரியம்மா நிற்கிறாள்.

"எங்கடி ஊத்தன?"

"கடல்ல பெரியம்மா. ஓடற தண்ணிதான?"

பெரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப் பாவி. உப்புல ஊத்திட்டியாடி? மோருல உப்பு போட்டா இன்னா ஆவும்? ஓடற தண்ணின்னா ஒரு பக்கமா போறது. இது போயிப் போயித் திரும்பி வருது. இது ஓடற தண்ணியா?"

அதை நான் யோசிக்கவில்லை. கடலைத் தெரியாதவள் யோசிக்கிற விஷயமா அது? ஆனால் அவள் சொன்ன பிறகு அது சரி என்றே பட்டது. வாய்க்கால் திரும்பி வராது. கடல் வருகிறது. என் பாலை உப்பாக்கித் திருப்பிக் கொடுக்கிறது.

மறுநாள் காலையில் மார்பு லேசாக இருந்தது. முதலில் நிம்மதி. அப்புறம் பயம். பீய்ச்சிப் பார்த்தேன். முந்தின நாள் கொட்டாங்குச்சி நிறைந்தது. இப்போது அடி மட்டும்தான் நனைந்தது.

பயத்தில் தூங்காததா, சரியாகச் சாப்பிடாததா, பிள்ளை வாய் வைக்காததா, இன்ன காரணம் என்று இன்றைக்குச் சொல்ல நர்சுகள் இருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. நான் கடலில் ஊற்றிவிட்டேன். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளையை எடுத்து மடியில் போடும்போது, அவன் வாய்க்கு ஒன்றும் வராது.

ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

செல்வியின் குழந்தை

அழுதுகொண்டிருந்த குழந்தை அஞ்சலையின் பேத்தி. மருமகள் செல்விக்கு மார்பில் கட்டி வந்து சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல் வேறு. கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் ரோடு இல்லை. படகில் கொண்டுபோக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள், காற்று சரியில்லை என்று தள்ளிப்போனது. குழந்தைக்கு ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வாயில் வைத்தார்கள். அது துப்பிவிட்டு அழுதது.

அஞ்சலை என்னிடம் வந்து உட்கார்ந்தாள். கரண்டியும் இல்லை, விசிறியும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கேக்கக் கூடாதுதான்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கும் புரிந்துவிட்டது.

"அதெல்லாம் ஆவாது" என்றாள் பெரியம்மா. "இருக்கறதே கம்மி. அதையும் வேற புள்ளைக்குக் குடுத்துட்டு, இவ புள்ளைக்கு இன்னா கொண்டு போவா? அப்புறம் நாங்க வேற, நீங்க வேற. இவ மாமியா கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

அஞ்சலை கோபப்படவில்லை. "நீங்க சொல்றது நெசந்தான் ஆயா" என்று எழுந்தாள்.

அந்தக் குழந்தை மறுபடியும் அழுதது. சத்தம் குறைந்திருந்தது. கத்திக் கத்தி ஓய்ந்த குழந்தையின் அழுகை அது. எனக்கு என் மகன் நினைவு வந்தது. இந்த நேரத்தில் அவன் தொண்டையும் இப்படித்தான் இருக்கும். அதைக் கேட்டு ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தால் நான் என்ன நினைப்பேன்?

"கொண்டாக்கா" என்றேன்.

குடிசைக்குள் போனேன். செல்வி பாயில் படுத்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். குழந்தையை என் கையில் கொடுத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

குழந்தை முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகு பிடித்துக்கொண்டது. பசித்த வாயின் இழுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? முதுகுத்தண்டு வரைக்கும் போகும். வரவில்லை, வரவில்லை, அப்புறம் வந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது. குழந்தை 'மொடக் மொடக்' என்று விழுங்குகிற சத்தம் குடிசை முழுக்கக் கேட்டது.

செல்வி திரும்பாமலே கேட்டாள்: "குடிக்குதா?"

"குடிக்குது."

"என்னாண்ட இப்படிக் குடிக்கல."

"உன்னாண்ட இன்னா, உலை மாதிரி கொதிக்குது ஒடம்பு. ஒடம்பு ஆறட்டும். அப்புறம் பாரு, என்ன யாருன்னு கேக்கும்."

செல்வி திரும்பிப் படுத்தாள். குழந்தையின் பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எனக்கும்தான். என் மடியில் இருந்தது என் பிள்ளை இல்லை.

புட்டு

வெளியே வந்தால் அஞ்சலை ஒரு தட்டோடு நிற்கிறாள். வெள்ளை வெளேரென்று உதிரியாக ஏதோ. பூண்டு வாசம். மேலே கறிவேப்பிலை.

"இன்னாக்கா இது?"

"பால் சொறா புட்டு. எங்க ஊர்ல புள்ள பெத்தவளுக்கு மொதல்ல இதத்தான் குடுப்போம். தின்னா பாலு ஊறும்."

"எங்க ஊர்ல மீனே குடுக்க மாட்டாங்க."

"உங்க ஊர்ல சொறா எங்க கெடைக்கப் போவுது, நீங்க குடுக்கறதுக்கு?"

குட்டிச் சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, கையால் உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையத் தாளித்துப் பிரட்டுவது. தின்றால் பிள்ளைக்கு மாந்தம். தின்னாவிட்டால் பால் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் மார்போடு போய் நிற்பதைவிட இது மேல் என்று பட்டது. மாந்தம் வந்தால் வசம்பு சுட்டு உரைத்து ஊற்றலாம். பால் போனால் எதை உரைத்து ஊற்றுவது?

தின்றேன். முதல் வாய் பயத்தில் தின்றேன். ரெண்டாவது வாய் ருசியில் தின்றேன். மூன்றாவது வாயில் பெரியம்மாவைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"வூட்டுக்கு வா, உன் மாமியாகிட்ட சொல்றேன்" என்றாள் பெரியம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "காரம் எப்டி?" என்றாள். அவளுக்கும் ஒரு தட்டு வந்தது.

போன வருஷம் பேரன் காரில் என்னை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கடற்கரை முழுக்க இப்போது ஓட்டல்கள். கண்ணாடிக் கதவு. ஏ.சி. மீன் படம் போட்ட அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் படம் தெரியுமே. சுறாப் புட்டைக் காட்டினேன். வட்டமாக அச்சில் கவிழ்த்து, மேலே எலுமிச்சை வைத்துக் கொண்டுவந்தான். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. அஞ்சலை கொட்டகை எங்கே என்று பரிமாறிய பையனிடம் கேட்டேன். பெரிய அலை வந்த பிறகு பழைய குப்பமே இடம் மாறிவிட்டது, அந்தப் பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை என்றான். வெளியே வந்து ஈர மணலில் கொஞ்ச நேரம் நின்றேன். விட்ட கதைக்கு வருகிறேன்.

திரும்பி வந்தது

ரோடு திறக்கும்வரை அந்தக் குழந்தைக்கு நான்தான் கொடுத்தேன். காலையிலும் புட்டு, மாலையிலும் புட்டு. மார்பு கனக்க ஆரம்பித்தது. காற்று அடங்கியதும் செல்வியைப் படகில் கொண்டுபோய்க் கட்டியைக் கீறிக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் விட்டது. ஒரு பக்கம் அவளே கொடுக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் காலையில் டிரைவர் வந்து, மரங்களை ஓரம் கட்டுகிறார்கள், மெதுவாகப் போய்விடலாம் என்றார். பெருமாள் ஏறினார். நாங்கள் ஏறினோம். செல்வி குழந்தையோடு லாரி வரைக்கும் நடந்து வந்தாள்.

"அக்கா, உம் புள்ளையாண்ட சொல்லு. எம் பொண்ணு அவனுக்கு மிச்சம் வெச்சித்தான் குடிச்சிருக்குதுன்னு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

வழி முழுக்க வெட்டிப்போட்ட மரங்கள். தாத்தா காலத்துப் புளியமரங்கள். இலை வாடி, பிஞ்சோடு கிடந்தன. ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள், லாரி கொஞ்சம் நகரும், மறுபடியும் இறங்குவார்கள். ஒரு இடத்தில் காலனிக் குடிசைகள் எரிந்து கூரையில்லாமல் நின்றன. ஒரு பெண் சாம்பலில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அதுவரை நியாயம் பேசிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், அதைத் தாண்டியபின் வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரியுமா? மறந்திருப்பானா? வாய் வைப்பானா?

பொழுது சாயும் நேரம் வீட்டு வாசலில் இறங்கினேன். மாமியார் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது. கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, பாட்டி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து முனியம்மா பெரியம்மா லாரியிலிருந்து இறங்கினாள். "உம் மருமவ மீனு தின்னா" என்றாள் என் மாமியாரிடம். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நான்தான் தின்னச் சொன்னேன்" என்றாள். என்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

மாமியார் வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். "உள்ள வா" என்றாள்.

உள்ளே உட்காரவைத்து, பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். அவன் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதான். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். நான் சேலையை விலக்கினேன். பால் தானாகவே கசிந்து அவன் கன்னத்தில் சொட்டியது. அழுகை நின்றது. நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தான். யோசித்தான். பிறகு வெடுக்கென்று கவ்விக்கொண்டான்.

அவன் குடிக்கக் குடிக்க, என் தோளில் இருந்த பாரமெல்லாம் இறங்கிக்கொண்டே போனது. நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, அவன் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் தூங்காத கண்.

"இருக்குதா?" என்றாள்.

"இருக்குது அத்த. நெறைய இருக்குது."

தலையை ஆட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கஞ்சியத் துப்பிட்டான். பசும்பால் ஊத்தினேன், அதயும் துப்பிட்டான். மாரத் தேடித் தேடி அழுதான். இன்னாடி பண்ணுவேன்?"

பிள்ளையை மறு பக்கம் மாற்றிப் போட்டேன்.

"நானே எடுத்துக் குடுத்துப் பாத்தேன்" என்றாள்.

ரவிக்கை போடாத காலத்து மனுஷி அவள். முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். சுருங்கித் தொங்கிய மார்பில், புதிதாக முளைத்த ரெண்டு பல்லின் தடம் சிவப்பாக இருந்தது.

"ஒண்ணும் வரலன்னு கடிச்சிட்டான் திருட்டுப் பையன்" என்று அவள் சொன்னாள். நானும் அவளும் சிரித்த சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்தவன் ஒரு நொடி நிறுத்தி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.